கல்யாணப் போட்டோ எடுக்கும் தொழில்: தேதி ஒப்புக்கொள்வதிலிருந்து ஆல்பம் கொடுப்பது வரை

கேமராவை மேனுவலில் ஓட்டத் தெரியும், ஒரு சீனியருக்கு அசிஸ்டென்டாக ஒரு சீசன் போய் வந்தாயிற்று, அடுத்து சொந்தமாக ஆர்டர் எடுக்கப் போகிறீர்கள். அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதியது இது. அந்த ஒரு சீசனை இன்னும் முடிக்காதவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள். தாலியை இரண்டாவது முறை கட்டச் சொல்லிக் கேட்க முடியாது.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டில் வழக்கமாக நடக்கும் மண்டபக் கல்யாணம்: முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். சர்ச் கல்யாணத்துக்கும் நிக்காஹுக்கும் சடங்குகள் வேறு. வேலையின் வரிசை பெரும்பாலும் இதேதான்.

புதியவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கவனித்தால், மேடையில் தவறிப்போன படத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு வாரம் முன்பு கேட்காமல் விட்ட கேள்வியில் இருக்கும். அதனால்தான் இதில் ஏறக்குறைய பாதி, கேமராவைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை.

1. தேதியை ஒப்புக்கொள்ளும் முன்

போன் வந்ததும் ரேட் சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் கேட்க வேண்டியவை: முகூர்த்த நேரம், மண்டபம், வரவேற்பு முதல் நாளா அல்லது முகூர்த்தம் முடிந்தபிறகா, பெண் வீட்டு ஆர்டரா மாப்பிள்ளை வீட்டு ஆர்டரா.

முகூர்த்த நேரம் தெரியாமல் ரேட் சொன்னால் ஆள் கணக்கு தப்பும். பத்திரிகையில் '6.00 - 7.30' என்றிருந்தால் மணமகள் அறைக்கு நான்கு மணிக்குள் போயாக வேண்டும். முதல் நாள் வரவேற்பு இரவு பதினொன்றுக்கு முடியும். அப்படியானால் உங்கள் ஆட்கள் எங்கே படுப்பார்கள் என்பதும் செலவுக் கணக்கில் வருகிறது. '9.00 - 10.30' என்றால் அது வேறு கல்யாணம், வேறு வெளிச்சம்.

இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: எதிர்வீட்டார் தனியாகப் போட்டோகிராபர் வைத்திருக்கிறார்களா? இரண்டு வீடும் தனித்தனியாக ஆள் வைப்பது நம் ஊரில் சகஜம். ஆமாம் என்றால் அவருடைய நம்பரை அப்போதே வாங்குங்கள். மேடையில் யார் எங்கே நிற்பது என்று போனில் பேசி முடித்தால் இரண்டு நிமிட வேலை. முகூர்த்த நேரத்தில் பேசினால் அது சண்டை.

தை, வைகாசி, ஆவணி வளர்பிறை முகூர்த்தங்களில் ஒரே தேதிக்கு நான்கைந்து பேர் கேட்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் போனே வராது. புரட்டாசியும் பலருக்கு ஆகாது. அதனால் நல்ல தேதியை வாய்வார்த்தைக்குப் பிடித்து வைக்காதீர்கள். அட்வான்ஸ் வந்தால்தான் தேதி உறுதி என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர்களுக்கும் அதே பேச்சுதான். அவர்களுக்குத்தான் முக்கியமாக.

2. விலையும் எழுத்தும்

அடுத்த கடைக்காரர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்து அதில் கொஞ்சம் குறைத்துச் சொல்வது பழக்கமாகிவிட்டது. அப்படிச் சொன்ன ரேட்டில் ஆல்பம் பிரின்ட் ஆகும்போதுதான் கையிலிருந்து போவது தெரியும். முதலில் செலவை எழுதுங்கள்: இரண்டாவது கேமராக்காரர், வீடியோ ஆள், லைட் பிடிக்கும் பையன், வண்டி, தங்குமிடம், டிசைனர், ஆல்ப லேப், ஹார்ட் டிஸ்க். அப்புறம் எடிட்டிங்குக்கு நீங்கள் உட்காரும் நாட்கள். அந்த நாட்களுக்கும் கூலி போட்டுத்தான் ரேட் சொல்ல வேண்டும்.

பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை ஆட்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஆல்பம் என்ன சைஸ், எத்தனை ஷீட், கூடுதல் ஷீட்டுக்கு எவ்வளவு, தேதி மாறினால் அட்வான்ஸ் என்னாகும். இவ்வளவு போதும். வக்கீல் பாஷை வேண்டாம்.

இதில் ஒரு வரி கட்டாயம் வர வேண்டும்: படங்களை உங்கள் இன்ஸ்டாகிராமில் போட அனுமதி உண்டா இல்லையா. எடுத்தவருக்கே படம் சொந்தம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து எடுக்கவைத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், முதல் உரிமையாளர் அவர்தான். கல்யாணப் படம் அதில் நேராக வந்து விழும். சட்டம் கிடக்கட்டும், தன் முகம் ஊருக்கு விளம்பரமாகப் போவதை விரும்பாத பெண்கள் இருக்கிறார்கள். கேட்டுவிட்டுச் செய்வதுதான் மரியாதை.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். புக்கிங்கில் ஒரு பங்கு, வரவேற்பு அன்று மாலை பெரிய பங்கு, ஆல்பம் கொடுக்கும்போது மீதி. பெரிய பங்கைக் கல்யாணம் முடிந்து வாங்கலாம் என்று விட்டால் சமையல், மண்டபம், பூ, மேளம் எல்லோரும் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள்.

ட்ரோன் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிகத்துக்குப் பறக்கவிட, 2021 ட்ரோன் விதிகளின்படி பதிவும் ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டும். எடை எதுவானாலும் அந்த இடம் சிவப்பு மண்டலமா, அதாவது அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாத இடமா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும். சான்றிதழ் உள்ள ஆளை வாடகைக்கு எடுப்பது எளிது.

3. யார் யார், என்னென்ன சடங்கு

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, குடும்பத்தில் விவரம் தெரிந்த ஒருவரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். பெண்ணின் அப்பா வேண்டாம். அவருக்கு ஆயிரம் வேலை. பெரும்பாலும் ஒரு அத்தையோ சித்தப்பாவோதான் சரியான ஆள்.

அவரிடம் சடங்குகளை வரிசையாகச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். 'எல்லாக் கல்யாணமும் ஒன்றுதானே' என்ற நினைப்பில்தான் படங்கள் தவறுகின்றன. கொங்குப் பகுதியில் அருமைக்காரர் முன்னின்று நடத்தும் சீர்கள் வரும். பிராமணக் கல்யாணத்தில் காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் என்று தாலிக்கு முன்பே பெரிய வேலை இருக்கும். அங்கே பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்கத் தாலி கட்டுவார்கள். செட்டிநாட்டுப் பக்கம் கல்யாணமே மண்டபத்தில் இல்லாமல் வீட்டிலேயே நடக்கலாம். சுயமரியாதைத் திருமணம் என்றால் ஐயரே இல்லை. தலைவர் பேசி முடித்ததும் மாலை மாற்றி மளமளவென்று முடிந்துவிடும். யாகப் புகைக்கு லைட் யோசித்துக்கொண்டு நின்றால் கல்யாணமே முடிந்திருக்கும்.

ஒவ்வொரு சடங்குக்கும் பக்கத்தில் ஆளின் பெயரை எழுதுங்கள். தாய்மாமன் யார், எத்தனை பேர்? பொரி கொடுக்கும் பெண்ணின் சகோதரன் யார்? முடிச்சுப் போடும் நாத்தனார் யார்? தாரை வார்ப்பது அப்பாவா, இல்லாத இடத்தில் பெரியப்பாவா? முகம் தெரியாமல் போனால் தாய்மாமன் மாலை போடும்போது நீங்கள் வேறு யாரையோ எடுத்துக்கொண்டிருப்பீர்கள். மாமன் படம் இல்லாத ஆல்பத்தை எந்த வீட்டிலும் சும்மா விட மாட்டார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: மேடை ஏற முடியாத வயதானவர்கள் யாராவது வருகிறார்களா? அவர்களை மணமக்களோடு சேர்த்து எடுக்க நேரம் குறித்து வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து அந்த வீட்டில் தேடப்போகும் படம் அதுதான்.

4. மண்டபத்தைப் போய்ப் பார்ப்பது

தெரிந்த மண்டபம் என்றாலும் ஒரு முறை போய் வாருங்கள், முடிந்தால் அதே நேரத்தில். பார்க்க வேண்டியவை அதிகமில்லை.

மணவறை எங்கே வரும், எந்தத் திசை பார்த்து உட்காருவார்கள். மேடை ஓரத்தில் நீங்கள் உட்கார இடம் உண்டா. மணமகள் அறையின் ஜன்னல் எந்தப் பக்கம், கூரை வெள்ளையா. ஃப்ளாஷைக் கூரையில் அடித்து வெளிச்சம் திருப்பலாம் என்று திட்டமிட்டுப் போய், மரப் பலகை அடித்த பழுப்புக் கூரையைப் பார்த்தால் எல்லா முகமும் மஞ்சள் காமாலை வந்த மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் கரன்ட். மேடைப் பக்கம் பிளக் எங்கே, ஜெனரேட்டர் எதற்கெல்லாம் ஓடும் என்று மேனேஜரிடம் கேளுங்கள். சில மண்டபங்களில் ஜெனரேட்டர் ஃபேனுக்கும் மேடை விளக்குக்கும் மட்டும்தான். உங்கள் லைட் அதில் இல்லையென்றால் பேட்டரி லைட்டோடுதான் போக வேண்டும்.

டெக்கரேஷன்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். மணவறைத் தூண்கள் முன்னால் எவ்வளவு தூரம் நீளும்? மேடைக்குச் சிவப்பும் நீலமுமாகப் பார் லைட் போடுவாரா? முகத்தில் மட்டும் அது விழாமல் திருப்பிக் கொடுங்கள் என்று முன்கூட்டிக் கேட்டால் செய்து கொடுப்பார்கள். முகத்தில் ஊறிய ஊதாவை எந்த எடிட்டிங்கும் முழுதாக எடுக்காது.

5. பையில் என்ன

இரண்டு கேமரா பாடி. ஒன்று கெட்டால் இன்னொன்று என்பதற்காக மட்டும் அல்ல. முகூர்த்தத்தில் லென்ஸ் மாற்ற நேரம் கிடையாது. ஒன்றில் 24-70, மற்றதில் 70-200 அல்லது 85. மணமகள் அறைக்கு ஒரு 35. இதற்கு மேல் லென்ஸ் வாங்க ஆசை வந்தால், அந்தப் பணத்தில் இரண்டாவது ஃப்ளாஷும் ட்ரிகரும் வாங்குங்கள்.

இரண்டு கார்டு போடும் வசதியுள்ள கேமராவில் இரண்டிலும் ஒரே படம் பதியும்படி வையுங்கள். முதல் கார்டு நிறைந்த பிறகு இரண்டாவது என்று வைத்தால், இரண்டு கார்டு இருந்தும் காப்பி கிடையாது. ஒரே கார்டு போடும் கேமரா என்றால் சிறிய கார்டுகளாக வைத்து, வரவேற்புக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று என்று பிரியுங்கள்.

கிளம்பும் முன் எல்லாக் கேமராவின் கடிகாரத்தையும் நொடி வரை ஒன்றாக்குங்கள், இரண்டாவது ஆளுடைய கேமராவும் சேர்த்து. இதைச் செய்யாவிட்டால் எடிட்டிங்கில் படங்களை நேர வரிசையில் அடுக்கும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை அழைப்பு வரும். ஆயிரக்கணக்கான படங்களைக் கையால் வரிசைப்படுத்துவது எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மற்றவை: கேமரா பேட்டரி பாடிக்கு மூன்று, ஃப்ளாஷுக்கு ரீசார்ஜபிள் செல் இரண்டு செட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வயரைத் தரையில் ஒட்ட டேப், லென்ஸ் துடைக்கும் துணி, ஊசி நூல், சேஃப்டி பின். கடைசி இரண்டும் உங்களுக்கு அல்ல, மணமகளுக்கு. கழன்ற முந்தானையைக் கேமராக்காரர் கொடுத்த சேஃப்டி பின்னை வைத்துச் சரிசெய்தால், அந்தக் குடும்பம் அதற்கப்புறம் உங்கள் சொல்லைக் கேட்கும்.

6. முதல் நாள் மாலை: வரவேற்பு

வரவேற்பில் மணமக்களைத் தனியாக எடுக்க வேண்டுமென்றால், அவர்கள் மேடை ஏறும் முன்பே முடித்துவிடுங்கள். வரிசை ஆரம்பித்தபின் இரண்டு மணி நேரம் அவர்களை அசைக்க முடியாது. அதன்பிறகு மேக்கப் வியர்வையில் கரைந்திருக்கும், முகத்தில் சிரிப்பும் தேய்ந்திருக்கும்.

மேடை லைட்டை இரண்டு பக்கமும் தலைக்கு மேல் உயரத்தில், 45 டிகிரியில் வையுங்கள். தாழ வைத்தால் மூக்குக் கண்ணாடியிலும் ஜரிகையிலும் வெளிச்சம் அடித்துத் தெறிக்கும். மணமக்களைப் பின்திரையிலிருந்து ஐந்தாறு அடி முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். ஒட்டி நின்றால் எல்லோர் நிழலும் பின்னாலே விழும்.

பின்னால் எல்.இ.டி. திரை இருந்தால் முதலில் நான்கு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் விழுந்தால் ஷட்டரைக் குறைக்க வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் நேராக எரியும் விளக்கு நொடிக்கு நூறு முறை மினுங்கும். அதனால் 1/100 அல்லது 1/50-இல் பெரும்பாலும் பட்டை போய்விடும். எல்.இ.டி. திரைக்கும் மலிவான பார் லைட்டுக்கும் தனித் துடிப்பு உண்டு. அதை எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். சத்தம் வராத எலெக்ட்ரானிக் ஷட்டரை இங்கே மறந்துவிடுங்கள், பட்டை விழுவது அதில்தான் அதிகம்.

வரிசையில் வருபவர்களை எடுக்கும் ஆள் ஒருவர்தான். 'எல்லோரும் இந்தக் கேமராவைப் பாருங்க' என்று அவர் மட்டும் குரல் கொடுக்க வேண்டும். இரண்டு வீட்டுக் கேமராவும் கூப்பிட்டால் பாதிப் பேர் இடது பக்கம், பாதிப் பேர் வலது பக்கம் பார்த்த படம்தான் கிடைக்கும். குழுவுக்கு எஃப் 5.6-க்குக் கீழே போகாதீர்கள். பின்வரிசை மங்கிய குரூப் போட்டோவைக் கொடுத்துவிட்டு அது கலை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது ஆள் கீழே இறங்கிவிடட்டும். பேசிச் சிரிக்கும் பெரியவர்கள், நாற்காலிக்கு அடியில் விளையாடும் குழந்தைகள், மேளக்காரர்கள். மொய் எழுதும் மேஜையையும் எடுக்கலாம், ஆனால் நோட்டில் பெயரும் தொகையும் படிக்கத் தெரியக்கூடாது.

7. அதிகாலை: மணமகள் அறை

மேக்கப் ஆர்ட்டிஸ்ட்டுக்கு முதல் நாளே போன் செய்து எத்தனை மணிக்கு முடிப்பார் என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது கடைசி நாற்பது நிமிடம்தான்: நெற்றிச்சுட்டி வைப்பது, ஜடை அலங்காரம், மாலை. மேக்கப் எப்போதும் தாமதமாகும். அந்தத் தாமதம் உங்கள் நேரத்தைத்தான் தின்னும் என்று தெரிந்து அரை மணி கூட்டிச் சொல்லுங்கள்.

கதவைத் தட்டி, உள்ளிருந்து பதில் வந்த பிறகே நுழையுங்கள். குழுவில் ஒரு பெண் போட்டோகிராபர் இருந்தால் இந்த அறையை அவரிடமே விடுவது நல்லது. பெண்ணும் இயல்பாக இருப்பாள், படமும் வேறு மாதிரி வரும்.

உள்ளே போனதும் ஒரு மூலையைக் காலி செய்யுங்கள். டிபன் தட்டு, பிளாஸ்டிக் கவர், தொங்கும் துண்டு எல்லாவற்றையும் கட்டிலின் அந்தப் பக்கம் தள்ளுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். இன்னும் விடியவில்லையென்றால் ஃப்ளாஷை வெள்ளைச் சுவரில் திருப்பி அடியுங்கள்.

சிவப்புப் பட்டில் ஒரு ஆபத்து உண்டு. மொத்த வெளிச்ச அளவு சரியாகக் காட்டினாலும் சிவப்பு மட்டும் நிரம்பி, நெசவு தெரியாமல் ஒரே பூச்சாகிவிடும். கேமராவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்.ஜி.பி. ஹிஸ்டோகிராமை வைத்துச் சிவப்பை மட்டும் பாருங்கள். தேவைப்பட்டால் அரை ஸ்டாப் குறையுங்கள். இருபதாயிரம் முப்பதாயிரம் கொடுத்து எடுத்த கூறைப்புடவையில் ஜரிகை தெரியவில்லையென்றால் முதல் கேள்வி அம்மாவிடமிருந்து வரும்.

8. முகூர்த்தம்

முகூர்த்தத்துக்கு அரை மணி முன்பு மூன்று பேரிடம் பேசுங்கள். ஐயரிடம்: 'சாமி, தாலிய எடுக்கும்போது எங்க பக்கம் ஒரு பார்வை பாருங்க, நாங்க ரெடின்னு தலையாட்டுவோம்.' அவர் நமக்காக நல்ல நேரத்தைத் தள்ளிப்போட மாட்டார். ஆனால் இரண்டு நொடி தருவார். அப்புறம் நாத்தனாரிடம்: முடிச்சுப் போடும்போது பெண்ணின் தலைக்குமேல் குனியாமல் பக்கவாட்டில் இருந்து போடுங்கள் என்று. மூன்றாவது, எதிர்வீட்டுப் போட்டோகிராபரும் வீடியோ ஆளும். போனில் பேசியதை இடத்தில் நின்று ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இப்போது எங்கே உட்காருவது. மணமக்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தாலி கட்டும்போது மாப்பிள்ளை பெண்ணின் பக்கம் திரும்புவார். நீங்கள் மாப்பிள்ளைப் பக்கம் இருந்தால் கிடைப்பது அவருடைய முதுகும் தோளும்தான். பெண்ணின் பக்கம், கொஞ்சம் முன்னால் குறுக்காக இருந்தால் இருவர் முகமும் கையும் தாலியும் ஒரே சட்டத்தில் வரும். நிற்காதீர்கள். அந்த நேரத்தில் பெண் தலைகுனிந்திருப்பாள். நின்று எடுத்தால் உச்சிப்பூதான் படத்தில் இருக்கும். தரையில் உட்கார்ந்தால் முகம் கிடைக்கும், பின்னால் இருப்பவர்களும் உங்களைத் திட்ட மாட்டார்கள்.

இரண்டாவது ஆள் எதிர்ப்பக்கம், 70-200 லென்ஸோடு. அவருக்கு வேலை தாலி அல்ல, பெற்றவர்கள் முகம். அவரும் ஆர்வத்தில் தாலி பக்கம் கேமராவைத் திருப்பிவிட்டால் ஒரே படம் இரண்டு கேமராவில் இருக்கும், அம்மா கண் துடைத்தது எதிலும் இருக்காது.

நேரம் நெருங்குவதை எப்படித் தெரிந்துகொள்வது? தேங்காய்மேல் தாலி வைத்த தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றிவரும். தட்டின் பின்னால் போகாதீர்கள். பெரியவர்கள் அதைத் தொட்டுக் கும்பிடுவது நல்ல படம்தான், அதற்கு இரண்டாவது ஆளை அனுப்புங்கள். அட்சதை கொடுத்துக்கொண்டே தட்டு மேடைக்குத் திரும்பும்போது நீங்கள் இடத்தைவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். அதற்குள் அண்ணன் தம்பிகளும் செல்போன்களும் மேடை ஓரத்தை நிரப்பிவிடுவார்கள். எழுந்து போனவருக்குத் திரும்ப இடம் கிடைக்காது.

அதிலிருந்து ஐயரின் கையைப் பாருங்கள். மேளக்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். விரலை ஆட்டி 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று குரல் கொடுத்ததும் அட்சதை பறக்க ஆரம்பிக்கும். அந்த நொடியில் மூன்று விஷயங்கள் புதியவர்களைக் கவிழ்க்கும்.

ஒன்று, ஃபோகஸ். பறக்கும் அரிசியும் பூவிதழும் குறுக்கே வர, ஃபோகஸ் அதன்மேல் தாவும். கண்ணைப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் இருந்தால் அதையே வையுங்கள். கூடவே குறுக்கே வருவதற்குச் சட்டென்று தாவாதபடி ட்ராக்கிங் அமைப்பை மந்தமாக்குங்கள்.

இரண்டு, ஃப்ளாஷ். முழு சக்தியில் வைத்திருந்தால் ஒருமுறை அடித்தபின் மறுபடி ஏற இரண்டு மூன்று நொடி ஆகும். மூன்று முடிச்சு அதற்குள் முடிந்துவிடும். ஐ.எஸ்.ஓ.வை 1600, 2000 என்று ஏற்றி ஃப்ளாஷை 1/8-க்கு இறக்குங்கள். தொடர்ந்து அடித்தாலும் தாங்கும். கொஞ்சம் புள்ளி தெரிந்தால் தெரியட்டும்.

மூன்று, ஸ்கிரீன். தாலிப் படம் கிடைத்ததா என்று கேமரா பின்னால் குனிந்து பார்க்கும் அதே நேரத்தில் மாப்பிள்ளை பெண்ணின் தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுவந்து நெற்றியில் குங்குமம் வைத்திருப்பார். தாலி கட்டியதிலிருந்து குங்குமம் முடியும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. சரியாக விழுந்ததா என்று அப்புறம் பார்க்கலாம். விழாவிட்டாலும் அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை.

இதன்பிறகு வேகம் குறையும். ஹோமப் புகைக்கு நேர் எதிரே ஃப்ளாஷ் அடித்தால் புகை வெள்ளைச் சுவராக நிற்கும். பக்கவாட்டில் ஸ்டாண்டில் வைத்த லைட்டை மட்டும் பயன்படுத்துங்கள். அம்மி மிதிக்கும்போது மறுபடி தரைக்கு வாருங்கள். 35 லென்ஸில் மெட்டி போடும் கை, கால், மேலே பெண்ணின் முகம் மூன்றும் வரும். அருந்ததி காட்டப் பல இடங்களில் மண்டபத்துக்கு வெளியே அழைத்துப் போவார்கள். இருட்டு மேடையிலிருந்து வெயிலுக்கு வரும்போது பழைய செட்டிங்கில் எடுத்தால் எல்லாம் வெள்ளை. கேமராவில் செட்டிங்கைச் சேமித்து வைக்கும் சி1, சி2 இருந்தால் ஒன்றில் மேடையையும் ஒன்றில் வெளிவெளிச்சத்தையும் முன்பே பதிந்து வையுங்கள், ஒரு திருகலில் மாறலாம்.

9. குடும்பப் படம், பந்தி

முகூர்த்தம் முடிந்ததும் எல்லோரும் பந்திக்கு ஓடுவார்கள். ஒரு வாரம் முன்பு உட்கார்ந்து பேசிய அந்த அத்தையையோ சித்தப்பாவையோ தேடிப் பிடியுங்கள். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவார்கள், நீங்கள் கூப்பிட்டால் வர மாட்டார்கள். முதலில் வயதானவர்கள், அடுத்து கைக்குழந்தைக்காரர்கள், அப்புறம் இரண்டு வீட்டுப் பெற்றோர், கடைசியில் நண்பர்கள். நண்பர்கள் எப்படியும் காத்திருப்பார்கள்.

பந்தியில் வாயில் சோறு இருக்கும் படம் யாருக்கும் பிடிக்காது. இலை போட்டுப் பரிமாறும்போது எடுத்துவிட்டு நகருங்கள். உங்கள் ஆட்களும் அப்படியே ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். சாப்பிடாத லைட் பையன் பதினொரு மணிக்கு ஸ்டாண்டைச் சாய்த்துவிடுவான்.

10. அன்று இரவே

தூங்கும் முன் இரண்டு தனி டிஸ்க்குகளில் காப்பி எடுங்கள். காப்பி முடிந்ததும் கோப்பு எண்ணிக்கையை ஒத்துப்பார்த்து, நடுவிலும் கடைசியிலும் சில படங்களைத் திறந்து பாருங்கள். பாதியில் நின்ற காப்பியும் ஃபோல்டராகத்தான் தெரியும்.

இரண்டு டிஸ்க்கையும் ஒரே பையில் வைக்காதீர்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். மூன்றாவது காப்பி எடுத்து முடிக்கும்வரை கார்டுகளை ஃபார்மேட் செய்யக் கூடாது. அடுத்த முகூர்த்தம் மறுநாளே இருந்தால் அதற்கு வேறு கார்டு வேண்டும். கார்டு விலையைப் பார்த்து இதில் மிச்சம் பிடிப்பவர்கள்தான் பிறகு ரெக்கவரி கடையில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் பத்துப் பன்னிரண்டு நல்ல படங்களை முடித்து அனுப்பிவிடுங்கள். குடும்பத்தின் ஆர்வம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. ஆல்பம் தாமதமானால்கூட இந்தப் பத்துப் படத்தின் நல்ல பெயர் கொஞ்ச நாள் தாங்கும்.

11. கழிப்பதும் கலரும்

எடுத்த எல்லாவற்றையும் கொடுக்காதீர்கள். ஒரே மாதிரி எட்டுப் படம் இருந்தால் வீட்டார் எட்டையும் பார்த்துக் குழம்பி, கடைசியில் கண் மூடிய படத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். முதல் சுற்றில் மங்கியது, கண் மூடியது, லைட் அடிக்காதது எல்லாம் போகட்டும். இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒன்றிரண்டு. மூன்றாவது சுற்று வேண்டாம், அப்புறம் எல்லாமே நன்றாக இல்லாததுபோல் தோன்ற ஆரம்பிக்கும்.

முதலில் வெள்ளையைச் சரிசெய்யுங்கள். மாப்பிள்ளையின் வேட்டி கைவசம் இருக்கும்போது வேறு அளவுகோல் தேவையில்லை. ஆனால் மேடை ஓரத்தில் பார் லைட் விழுந்த பகுதியை விட்டு, நேர் வெளிச்சம் விழுந்த இடத்தில் தொட்டுப் பாருங்கள்.

நிறத்தை வெளுப்பாக்குவது பற்றி என் கருத்து நேரானது: செய்யாதீர்கள். 'கொஞ்சம் கலரா காட்டுங்க தம்பி' என்று கேட்பார்கள். வெளிச்சத்தைச் சரியாக்கி, நிழலைக் கொஞ்சம் தூக்கி, தோலின் நிறத்தை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியது முகத்தில் ஒரு தெளிவுதான். மாநிறப் பெண்ணை மைதா பூசியதுபோல் ஆக்கிய ஆல்பத்தை அவளே பிற்காலத்தில் யாருக்கும் காட்ட மாட்டாள்.

12. ஆல்பமும் கடைசிக் கணக்கும்

இந்தத் தொழிலில் பணம் சிக்கும் இடம் செலக்ஷன். படங்களைக் கொடுத்துத் 'தேர்ந்தெடுத்துத் தாங்க' என்று விட்டால் வளைகாப்புக்குத்தான் திரும்பி வரும். நாற்பது ஷீட் ஆல்பத்துக்கு இருநூறு படம் அளவில் நீங்களே தேர்ந்தெடுத்து, 'இதில் எது வேண்டாம், எது கூடுதலாக வேண்டும்' என்று கேளுங்கள். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தேர்ந்தெடுப்பதைவிட இருப்பதில் திருத்துவது எல்லோருக்கும் சுலபம். தேதி வைத்துக் கேளுங்கள். அந்தத் தேதிக்குப் பின் உங்கள் தேர்வே அச்சுக்குப் போகும் என்பதைத் தொடக்கத்தில் அனுப்பிய அந்த ஒரு பக்கத்திலேயே சேர்த்துவிடலாம்.

வழக்கமான 12x36 ஷீட்டை 300 டி.பி.ஐ.யில் வடிவமைத்தால் 10,800க்கு 3,600 பிக்சல். நடுவில் மடிப்பு வரும் இடத்தில் முகம் வைக்காதீர்கள். டிசைனர்கள் திரையில் பார்த்து வைத்துவிடுவார்கள், அச்சில் மூக்கு மடிந்திருக்கும். ஓரத்தில் வெட்டுக்கு லேப் சொல்லும் அளவை விடுங்கள். கலர் ப்ரொஃபைலை லேபிடமே கேளுங்கள், முதல் முறை போகும் லேப் என்றால் ஒரே ஒரு ஷீட் அடித்து வாங்கிப் பாருங்கள்.

பெயர், இனிஷியல், படிப்பு, தேதி நான்கையும் கல்யாணப் பத்திரிகையை வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். அப்புறம் முழு டிசைனையும் வீட்டாருக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்து 'மங்கலா இருக்கே' என்று போன் வரும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். 'அச்சுக்குப் போகலாம்' என்ற பதில் எழுத்தில் வந்தபிறகே லேபுக்கு. போனில் சொன்ன சம்மதம் இனிஷியல் மாறிப்போன ஆல்பத்துக்கு முன்னால் நிற்காது.

ஆல்பத்தைப் பிரித்துக் காட்டுங்கள், மீதிப் பணத்தை வாங்குங்கள், அதன்பின் ஆல்பத்தையும் பென்டிரைவையும் கையில் கொடுங்கள். கூடவே, உங்களிடம் உள்ள காப்பியை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்று ஒரு தேதியைச் சொல்லிவிட்டு, அதையும் செய்தியாக அனுப்பிவிடுங்கள். அந்தத் தேதி வந்ததும் உடனே அழிக்க வேண்டாம். ஒரு வாரம் முன்பு நினைவுபடுத்தி, 'இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டீர்களா' என்று கேட்டுவிட்டு அழியுங்கள்.